மோட்டார் சைக்கிள் டயருக்கு எவ்வளவு காற்று? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களிலிருந்தும் புதிய தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள், டயரைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். டியூப் மாற்றும் அவசரத்தில் நின்று விளக்க முடியாததால் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். காற்று சரியாக இல்லாத காரணத்தாலேயே நல்ல டயர்களும் நல்ல ரிம்களும் வீணாவதை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில், இவற்றைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணே, கப்சாய்க்கு முன்னால எவ்ளோ, பின்னால எவ்ளோ காத்து அடிக்கணும்?

உங்கள் கப்சாயிலேயே, அதாவது அந்தச் சிறிய மோட்டார் சைக்கிளிலேயே, ஒட்டியிருக்கும் எண்தான் விடை. செயின் உறையின் மேலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மேலோ, இருக்கைக்கு அடியிலோ ஒரு சிறிய லேபிள் இருக்கும். சேறும் எண்ணெயும் படிந்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அதில் முன்சக்கரத்துக்கு ஓர் எண்ணும், பின்சக்கரத்துக்கு ஒருவர் ஓட்டும்போது ஓர் எண்ணும், இருவர் ஏறும்போது வேறோர் எண்ணும் இருக்கும். லேபிள் கிழிந்து போயிருந்தால் அதே எண்கள் மோட்டாருடன் வந்த கையேட்டில் கிடைக்கும்.

ஹோண்டா வேவ் போன்ற பல கப்சாய்களில் முன்னால் 200 கிலோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு), ஒருவர் மட்டும் ஓட்டினால் பின்னால் 225, பின்னால் ஆள் ஏறினால் 280 என்று குறித்திருப்பார்கள். வேறு மாடல்களில் இது மாறும் என்பதால், கீழே நான் இந்த எண்களை உதாரணமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையோ, பழக்கத்தில் வந்த எண்ணையோ நம்ப வேண்டாம்.

ரெண்டு டயரும் ஒரே மாதிரிதானே இருக்கு, ஏன் ரெண்டு கணக்கு?

எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதனுள் அடைபட்டிருக்கும் காற்று. பின்சக்கரத்தின் மீது எடை அதிகம் விழுவதால் அங்கே அதிக அழுத்தம் வேண்டும். கப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோ, ஓட்டுகிறவர் 65 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 100 கிலோ பின்சக்கரத்தில் இறங்கும். அழுத்தம் 225 ஆக இருக்கும்போது, டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 44 சதுர சென்டிமீட்டர் ஆகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னால் ஏறினால், பின்சக்கரத்தின் சுமை 150 கிலோவைத் தொடும். காற்றைக் கூட்டாமல் விட்டால் தொடுபரப்பு 65 சதுர சென்டிமீட்டராக விரியும். அதாவது டயர் அந்த அளவுக்கு அமுங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். 280க்கு ஏற்றினால் பரப்பு ஏறக்குறைய 53க்கு இறங்கிவிடும். பக்கச்சுவரின் விறைப்பையும் சேர்த்தால் உண்மையான எண்கள் சற்று மாறும் என்றாலும், லேபிளில் இரண்டு எண்கள் இருப்பதன் காரணம் இதுதான்.

கடையில 29ன்னு சொல்றாங்க, ஸ்டேஷன்ல 200ன்னு இருக்கு. எதை நம்புறது?

இரண்டும் ஒன்றுதான், அலகு மட்டுமே வேறு. 29 என்பது பி.எஸ்.ஐ., 200 என்பது கிலோபாஸ்கல். 1 பி.எஸ்.ஐ. ஏறக்குறைய 6.9 கிலோபாஸ்கல் ஆகும். எனவே 225 கிலோபாஸ்கல் சுமார் 33 பி.எஸ்.ஐ., 250 என்பது 36, 280 என்பது 41. சில கருவிகளில் பார் என்ற அலகு இருக்கும். 2 பார் என்றால் 200 கிலோபாஸ்கல். ஆபத்து என்னவென்றால், கிலோபாஸ்கலில் வேலை செய்யும் இயந்திரத்தில் 33 என்று வைக்க முயன்று, டயரில் இருந்த காற்றையும் இழந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணைத் தட்டும் முன் திரையில் எந்த அலகு தெரிகிறது என்று பாருங்கள்.

பெட்ரோல் ஸ்டேஷன் மெஷினை எனக்குப் பிடிக்கத் தெரியல. எப்படி அடிக்கிறது?

கூட்டல், கழித்தல் பொத்தான்களை அழுத்தி வேண்டிய எண்ணை வையுங்கள், வால்வின் மூடியைக் கழற்றுங்கள், குழாயின் தலையை நேராக அழுத்திப் பிடியுங்கள். இயந்திரம் தானாகவே காற்றை ஏற்றி அல்லது இறக்கி, எண் வந்ததும் ஒலி எழுப்பும். டயர் முற்றிலும் தட்டையாக இருந்தால் இயந்திரத்தால் அழுத்தத்தை உணர முடியாது. அதற்கென்று பல இயந்திரங்களில் தனிப் பொத்தான் இருக்கிறது.

கப்சாயில் சிரமமே குழாயை மாட்டுவதுதான். ஸ்போக் கம்பிகளும் பிரேக் டிரம்மும் பின்னால் செயின் பல்சக்கரமும் இடத்தை அடைத்துக்கொள்வதால், நீளமான தலை சாய்வாகத்தான் நுழையும். சாய்ந்தால் ‘உஸ்’ என்று காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். வால்வு கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, செயின் இல்லாத பக்கத்திலிருந்து முயலுங்கள். ஒலி கேட்டதும் குழாயைச் சட்டென்று நேராக இழுத்து எடுங்கள். மோட்டார் டயருக்குள் காற்று கொள்ளும் இடம் சிறியது. அரை நொடிக் கசிவும் எண்ணை நன்றாகக் குறைத்துவிடும். அதனால், மாட்டி எடுத்தபின் சொந்தக் காற்றழுத்த அளவியால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கையால அமுக்கிப் பார்த்தாலே தெரியுமே, அளவி எதுக்கு?

தெரியாது. 150க்கும் 225க்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டை விரலால் யாரும் சொல்லிவிட முடியாது. புதிய டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் காற்று குறைந்திருந்தாலும் கல்லைப் போல் தோன்றும். பழைய டயர் சரியான காற்றிலும் மெத்தென்று இருக்கும். சட்டைப்பையில் அடங்கும் அளவி ஒன்றை வாங்குங்கள். விலை ஒரு டியூபின் விலையை ஒட்டித்தான் வரும்.

எப்போ அளக்கணும்? காலையிலா, வேலை முடிஞ்சு வரும்போதா?

மோட்டார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். அல்லது இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. லேபிளில் உள்ள எண்கள் ஆறிய டயருக்கானவை. நம் வட்டாரத்தில் விடியற்காலை 24 பாகை செல்சியஸ் இருக்கும், நண்பகலில் 33 பாகைக்கு ஏறிவிடும். 200 கிலோபாஸ்கல் உள்ள டயரில் 10 பாகை மாற்றம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் மாற்றமாகும். வெயிலில் நிறுத்திய கறுப்பு ரப்பர் காற்றைவிட இன்னும் அதிகமாகச் சூடேறும். ஆகவே காலையில், நிழலில் அளப்பதே சிறந்தது.

தோட்டத்திலிருந்து பெட்ரோல் நிலையம் தொலைவில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டிலேயே ஆறிய டயரை அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 175 காட்டினால், 200க்கு 25 குறைவு. நிலையத்தை அடைந்து அளக்கும்போது 190 காட்டினால், அதனுடன் அந்த 25ஐக் கூட்டி 215 வையுங்கள். டயர் ஆறியதும் ஏறக்குறைய 200இல் நிற்கும்.

ஈப்போ போயிட்டு வந்து பார்த்தா 225 இருந்த டயர் 245 காட்டுது. காத்து இறக்கணுமா?

இறக்கக் கூடாது. ஓடும் டயர் வளைந்து நிமிர்வதால் சூடாகிறது, அடைபட்ட காற்றின் அழுத்தம் சூட்டில் கூடுகிறது. லேபிளில் எண்ணைக் குறித்தவர்கள் இந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்தே குறித்தார்கள். சூட்டோடு இறக்கி 225இல் நிறுத்தினால் மறுநாள் காலையில் 205 இருக்கும். காற்று குறைந்த டயர் இன்னும் அதிகமாக வளையும், இன்னும் அதிகமாகச் சூடேறும்.

ஆனால் ஏற்றம் அளவுக்கு மீறியிருந்தால், அதாவது 30, 40 என்று கூடியிருந்தால், புறப்படும்போதே காற்று குறைவாக இருந்ததா, சுமை அதிகமா, பிரேக் உரசிக்கொண்டே ஓடியதா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்?

டியூப் உள்ள டயர் என்றால் வாரம் ஒருமுறை, டியூப் இல்லாத டயர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஓட்டையே இல்லாவிட்டாலும் காற்று ரப்பரின் ஊடாக மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். நம் தோட்டத்துப் பால்மரங்கள் தரும் இயற்கை ரப்பர் இழுவிசைக்கும் கிழிசலுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும், ஆனால் காற்றைப் பிடித்து வைப்பதில் செயற்கை ரப்பரான பியூட்டைல் அதைவிடப் பல மடங்கு சிறந்தது. எனவே டியூப் வாங்கும்போது பியூட்டைல் டியூபா என்று கேட்டு வாங்குங்கள். டியூப் இல்லாத டயரின் உட்புறத்திலும் இதே வகை ரப்பர்தான் மெல்லிய படலமாக ஒட்டப்பட்டிருக்கிறது.

வால்வு மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். மூடி இல்லாத வால்வில் செம்மண் தூசி புகுந்து, உள்ளே இருக்கும் ஊசி சரியாக மூடாமல் போகும். சந்தேகம் வந்தால் வால்வின் வாயில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்பு நீரோ வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ஊசியை மட்டும் மாற்றினால் போதும்.

டயர் பக்கத்துல 280ன்னு எழுதியிருக்கு. அதானே கணக்கு?

இல்லை. டயரின் பக்கத்தில் இருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடையும், அந்த உச்ச எடைக்கு வேண்டிய காற்றும். அதே டயர் வேறு வேறு எடையுள்ள மோட்டார்களுக்குப் பொருந்தும் என்பதால், டயரை உருவாக்கியவர் உங்கள் மோட்டாரை அறிந்து எழுதவில்லை. உங்கள் மோட்டாரை அறிந்தவர் லேபிளை எழுதியவரே.

அதே இடத்தில் 80/90-17 என்ற அளவுக்குப் பக்கத்தில் 44பி (44P) என்பதைப் போன்ற ஒரு குறியையும் காண்பீர்கள். 44 என்பது 160 கிலோ சுமையையும் பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். 38 என்றால் 132 கிலோ, 33 என்றால் 115 கிலோ. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர். இந்தச் சுமை, காற்று போதுமான அளவு இருக்கும்போது மட்டுமே செல்லுபடியாகும்.

வீட்டுக்காரம்மாவை ஏத்திக்கிட்டு, கேஸ் சிலிண்டரும் எடுத்துட்டுப் போகணும். அப்போ எவ்ளோ?

வீட்டுக்காரம்மா மட்டும் ஏறினால், லேபிளில் இருவருக்கென்று குறித்த எண்ணை வையுங்கள். முன்சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. அதைப் பின்னிருக்கையில் கட்டினால் முழு எடையும் பின்சக்கரத்தின் தலையில். கால்களுக்கு இடையே வைத்தால் இரு சக்கரங்களும் பகிர்ந்துகொள்ளும், ஆனால் கைப்பிடி திரும்பத் தடையாகும். ஆளும் சிலிண்டரும் சேர்ந்தால் கப்சாயின் அளவை மீறிவிடுகிறது. எவ்வளவு காற்று அடித்தாலும் வண்டியின் இரும்புச் சட்டமும் பிரேக்கும் அதற்கு ஏற்றவை அல்ல என்பதால், இரண்டு நடையாகப் போய்வாருங்கள் என்றே சொல்வேன்.

தனியாக ஓட்டுகிறவர் நல்ல பருமனாக இருந்தாலோ, உரப்பையோ அரிசி மூட்டையோ ஏற்றினாலோ, ஒருவருக்கான எண்ணுக்கும் இருவருக்கான எண்ணுக்கும் இடையில் வைக்கலாம். 225க்கும் 280க்கும் உள்ள 55 கிலோபாஸ்கல், 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளுக்காகக் கூட்டியது. ஆகவே 10, 12 கிலோ கூடுதல் எடைக்கு 10 கிலோபாஸ்கல் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இது என் கணக்கு. இருவருக்கான எண்ணை எக்காரணத்தாலும் தாண்ட வேண்டாம். எடை இறங்கிவிட்டால் மறுநாள் காலையில் பழைய எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். தினமும் இருவர் போகிறவர்கள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

நல்லா கட்டியா அடிச்சா பெட்ரோல் மிச்சமாமே?

குறைந்த காற்றைச் சரியான எண்ணுக்குக் கொண்டுவந்தால் பெட்ரோல் மிச்சமாவது உண்மை. சரியான எண்ணுக்கு மேல் ஏற்றினால் கிடைக்கும் மிச்சம் மிகச் சிறியது, இழப்போ பெரியது. தொடுபரப்பு சுருங்கி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் எளிதில் வழுக்கும்; குழியில் விழும் அடியை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கும் ஸ்போக்குக்கும் முதுகுக்கும் அனுப்பிவிடும்.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். கூட்டரசு சாலையில் நேராகவே ஓடும் மோட்டாரில் நடுப்பகுதி தேய்வது இயல்பு. தேய்மானத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட அளவியால் அளப்பதே நம்பகமானது.

எங்க தோட்டத்து ரோடு முழுக்க செம்மண்ணும் கல்லும். மழையில வழுக்குது. காத்தைக் குறைச்சா பிடிப்பு கிடைக்கும்லா?

காடுமேடுகளில் ஓட்டுகிறவர்கள் காற்றைக் குறைப்பது உண்மைதான். அவர்களுடைய டயர் அகலமானது, முட்கள் போன்ற பெரிய கட்டைகள் உடையது, பல வண்டிகளில் டயர் ரிம்மில் நழுவாமலிருக்கத் தனிப் பூட்டும் உண்டு. கப்சாயின் மெல்லிய டயருக்கு அது பொருந்தாது. நீங்களும் செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, அதே காற்றோடு தார்ச்சாலையில் லாரிகளுக்கு நடுவே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஈரமான தார்ச்சாலையில் காற்று குறைந்த டயரின் பள்ளக்கோடுகள் நெருங்கி மூடிக்கொள்வதால், தண்ணீர் வெளியேறும் வழியும் குறைந்துவிடும்.

காற்றைக் குறைத்து ஓட்டிய டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால், குமிழிகள் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து வராது. பாம்பு கடித்த தடம்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்களிலிருந்து வரும். கல்லில் மோதியபோது டயர் முழுவதும் அமுங்கி, ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். இன்னோர் அடையாளம் வால்வு. நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூபையும் இழுத்துச் சென்றிருக்கிறது. அப்படியே விட்டால் வால்வின் அடிப்பகுதி ஒருநாள் கிழிந்து, காற்று ஒரே நொடியில் போய்விடும்; அது முன்சக்கரமாக இருந்தால் கைப்பிடியை அடக்க முடியாது. செம்மண் பாதைக்கும் லேபிளின் எண்ணே போதும், குறைக்க வேண்டியது வேகத்தை.

செம்பனை முள்ளு குத்திக்கிட்டே இருக்கு. காத்து கூட அடிச்சா குத்தாதா?

மட்டையின் காம்பிலுள்ள முள் எந்த அழுத்தத்திலும் குத்தும். காற்றால் அதைத் தடுக்க முடியாது. டியூப் இல்லாத டயரில் முள் குத்திய இடத்திலேயே அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று நாளுக்குக் கொஞ்சமாக இறங்கும். இரண்டு சக்கரங்களில் ஒன்று மட்டும் தொடர்ந்து குறைந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், முறிந்த முள்ளின் நுனி அங்கேயே இருந்தால் புது டியூபும் அன்றே போய்விடும்.

நைட்ரஜன் அடிச்சா காத்தே இறங்காதுன்னு சொல்றாங்களே?

நாம் சும்மா அடிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். எஞ்சிய ஆக்சிஜன் ரப்பரின் ஊடாகச் சற்று வேகமாக வெளியேறும் என்பதாலும், நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை என்பதாலும் சிறிய நன்மை உண்டு. அதற்காகப் பணம் செலவழிப்பதைவிட, மேலே சொன்ன அளவியை வாங்குவதே பயன் தரும். நைட்ரஜன் அடித்த டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

தம்பி மெல்லிசான டயர் மாட்டியிருக்கான். அதுக்கும் லேபிள் கணக்குதானா?

லேபிளின் எண் அதில் குறித்துள்ள டயர் அளவுக்கே உரியது. மெல்லிய டயரில் காற்று குறைவாக அடங்குவதால், அதே எடையைத் தாங்க அதிக அழுத்தம் வேண்டும். பக்கச்சுவரில் உள்ள உச்ச எண்ணைத் தொட்டாலும், பின்னால் ஓர் ஆள் ஏறும்போது அதன் சுமை எல்லை போதாமல் போகலாம். முன்பு சொன்ன சுமைக் குறியைப் படித்து, பின்சக்கரத்தின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பியிடம் அன்பாக எடுத்துச் சொல்லி, பழைய அளவுக்குத் திரும்ப வையுங்கள்.

மகன் சிங்கப்பூர் போயிட்டான், மோட்டார் ஆறு மாசமா நிக்குது. காத்து அடிச்சு ஓட்டலாமா?

அடித்தவுடன் ஓட்டாதீர்கள். காற்று இறங்கிய நிலையில் நின்ற டயர் ஒரே இடத்தில் மடிந்து, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கலாம். லேபிள் எண்ணுக்கு அடித்து ஓர் இரவு விட்டு, காலையில் அளந்து பாருங்கள். 10க்கு மேல் குறைந்திருந்தால் டியூபையோ வால்வையோ பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், டயர் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் ஆகும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அவ்வளவு பழைய டயரைப் பள்ளக்கோடு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலைக்குப் போறோம். மேல குளிரும், அங்க போய் காத்து ஏத்தணுமா?

வேண்டியதில்லை, காரணம் இரண்டு மாற்றங்கள் எதிரெதிராக நடக்கின்றன. கீழே 33 பாகையில் இருந்த டயர் மேலே 19, 20 பாகையில் ஆறினால், முன்பு பார்த்த கணக்குப்படி 13, 14 கிலோபாஸ்கல் குறைய வேண்டும். ஆனால் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா பட்டணம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 கிலோபாஸ்கல் குறைவு. அளவி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் என்பதால், அந்த 15 கூடுதலாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, அளவியில் பெரிய மாற்றம் இருக்காது.

புறப்படும் நாள் காலையில், வீட்டிலேயே, ஏறப்போகும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற எண்ணை வையுங்கள். மேலே தங்கும் இரவு முடிந்து காலையில் அளக்கும்போது வீட்டில் வைத்த எண்ணைவிட 20க்கு மேல் குறைந்திருந்தால், அது குளிரின் வேலை அல்ல, எங்கோ கசிகிறது. வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.